செத்த போன், சாகாத போன், பாதி உசிரு போன்: ரீஸ்டோர்ல எது தேறுச்சு?

மூணு மாசத்துக்குள்ள எங்க வீட்டுல மூணு போன் மாறிடுச்சு. அதுல ஆசைப்பட்டு மாத்தினது ஒண்ணே ஒண்ணுதான், அது வீட்டுக்காரம்மாவோட ஐபோன், பழசு நல்லா ஓடிட்டு இருக்கும்போதே எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல புதுசு வாங்கினது. என்னோட ஆண்ட்ராய்டு சென்னை தில்லை கங்கா நகர் சப்வேல மழைத்தண்ணில வண்டியைத் தள்ளிட்டு வந்தப்ப பேன்ட் பாக்கெட்லயே மூச்சை விட்டுடுச்சு. அம்மாவோடது கும்பகோணத்துல துவைக்கற கல்லு மேல விழுந்து, டிஸ்பிளே பளிச்சுன்னு தெரியுது, டச் மட்டும் ஒரு இன்ச் கூட வேலை செய்யல. ஆக ஒரு செத்த போன், ஒரு சாகாத போன், ஒரு பாதி உசிரு போன். மூணுக்கும் ரீஸ்டோர் பண்ணது, அதாவது பழசுல இருந்ததை புதுசுக்கு திருப்பி எடுத்தது நான்தான், அதுவும் மூணு வேற வேற வழில.

எந்த பேக்கப் நல்லதுன்னு யார்கிட்ட கேட்டாலும் எத்தனை ஜிபி, மாசம் எவ்வளவுன்னுதான் ஆரம்பிக்கறாங்க. பேக்கப் எடுக்கறது எல்லா இடத்துலயும் ஈசிதாங்க, ஒரு பட்டனை ஆன் பண்ணா முடிஞ்சுது. வண்டவாளம் தெரியறது திருப்பி எடுக்கும்போதுதான். அதனால இங்க நான் மார்க் போடறது எது உள்ள போச்சுங்கறதுக்கு இல்ல, எது திரும்பி வந்துச்சு, எது வரலைங்கறதை முன்கூட்டியே சொல்லுச்சா இல்லையாங்கறதுக்கு.

செத்த போன்: கூகுள் பேக்கப்

முதல்ல என் கதை. சர்வீஸ் சென்டர்ல போர்டு போச்சு சார், மாத்தினா போன் ஓடும், டேட்டா வராதுன்னு சொல்லிட்டாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கேட்டேன், மெமரி சிப்பை மட்டும் கழட்டி வேற போர்டுல உட்கார வச்சா வராதான்னு. அந்தத் தம்பி சிரிச்சுட்டு, அதெல்லாம் பழைய காலம் அண்ணே, இப்ப பிராசஸரும் மெமரியும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு வாயே திறக்காதுன்னார். உண்மைதான், இப்ப வர்ற போன்ல ஸ்டோரேஜ் முழுக்க என்கிரிப்ட் ஆகிதான் இருக்கும், அதைத் திறக்கற சாவி அந்த பிராசஸருக்குள்ளயே பூட்டி இருக்கு. போர்டுக்கு உசிரு வந்தாதான் டேட்டாவுக்கு உசிரு. அதனால என் செத்த போனுக்கு கிளவுட் பேக்கப், அதாவது இன்டர்நெட் வழியா கம்பெனி சர்வர்ல ஏத்தி வச்ச காப்பி, தவிர வேற நாதி இல்ல.

புது போன் வாங்கி கூகுள் அக்கவுண்ட் போட்டதும் பழைய பேக்கப் இருக்கு, எடுத்துக்கவான்னு கேட்டுச்சு. சந்தோஷமா ஆமான்னு அமுக்கினா பழைய போனோட லாக்கைக் கேட்குது. ஆண்ட்ராய்டு 9ல இருந்து, அதாவது 2018ல இருந்து, இந்த பேக்கப்பை பூட்டறதே உங்க ஸ்கிரீன் லாக்கை வச்சுதான், கூகுளே நினைச்சாலும் உள்ள இருக்கறதைப் பார்க்க முடியாதுங்கறதுக்காக. நல்ல விஷயம்தான். ஆனா என்னோடது பேட்டர்ன். எங்கிருந்து ஆரம்பிச்சு எங்க முடிக்கறேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது, விரலுக்குத்தான் ஞாபகம். கண்ணை மூடிட்டு போட்டேன், ரெண்டாவது தடவைல திறந்துச்சு. செத்துப்போன போனோட லாக்கை மறந்துட்டா அந்த பேக்கப்பும் கூடவே செத்துச்சுங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல.

சரி, திறந்துச்சு. பார்த்தா கடைசி பேக்கப் ரெண்டு மாசத்துக்கு முந்தின தேதி. தப்பு என்னோடதுதான். அது தானா நடக்கணும்னா போன் சார்ஜ்ல இருக்கணும், வைஃபைல இருக்கணும், கொஞ்ச நேரம் யாரும் தொடாம சும்மா கிடக்கணும், மூணும் சேர்ந்து வரணும். நாங்க வீடு மாறினப்ப பழைய பிராட்பேண்டை கட் பண்ணிட்டு, தினம் 2 ஜிபி வருதே அது போதும்னு மொபைல் டேட்டாலயே ஓட்டிட்டு இருந்தோம். வீட்டுல வைஃபையே இல்லாம காலம் தள்ளற ஆளுங்க நம்ம ஊர்ல எவ்வளவு பேரு, அவங்க போனெல்லாம் தினம் ராத்திரி சார்ஜர்ல படுத்துக்கிட்டு வராத வைஃபைக்காக காத்துட்டு இருக்கு. நானும் செட்டிங்ஸ்ல ஆன்னு பச்சையா காட்டுதே, எல்லாம் நடந்துட்டு இருக்குன்னு நம்பிட்டேன். பட்டன் ஆன்ல இருக்கறது வேற, பேக்கப் நடந்தது வேற.

வந்தது என்னென்ன: கான்டாக்ட் முழுசா வந்துச்சு, அது எப்பவும் அக்கவுண்ட்லயே இருக்கறது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்குமான எஸ்எம்எஸ், கால் லிஸ்ட், வால்பேப்பர், சில செட்டிங்ஸ். ஆப்பெல்லாம் பேர் பேரா இறங்குச்சு. ஆனா ஆப்புக்குள்ள இருந்த சரக்கு? அங்கதான் விஷயமே இருக்கு. 2015ல ஆண்ட்ராய்டு 6 வந்தப்பதான் ஆப் டேட்டாவை தானா பேக்கப் எடுக்கற ஏற்பாடு வந்துச்சு, ஒரு ஆப்புக்கு 25 எம்பி தான் கணக்கு, அதுவும் அந்த ஆப்பை எழுதினவங்க வேணாம்னு ஒரு வரி எழுதிட்டா அதுவும் இல்ல. அதனால ஐகான் எல்லாம் வந்து வரிசையா உட்கார்ந்துடும், பார்க்க வீடு மாதிரியே இருக்கும், கதவைத் திறந்தா பாதி வீட்டுல ஆளே இல்ல. நாலு வருஷமா பெட்ரோல் கணக்கு எழுதி வச்சிருந்த ஒரு சின்ன ஆப், அக்கவுண்டே கேட்காத ஆப்புன்னு விரும்பி வச்சிருந்தது, திறந்ததும் வருக வருகன்னு புதுசா பேர் கேட்டுச்சு. வண்டி மைலேஜ் எவ்வளவுன்னு இனிமே கேட்காதீங்க.

போட்டோவைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கூகுள் போட்டோஸ்ல டேட்டாவுலயே ஏறணும்னு வச்சிருந்ததால தப்பிச்சேன். ஆனா கூகுள் ஓசில குடுக்கற அந்த 15 ஜிபி பத்தி ஒரு வார்த்தை. 2021 ஜூன் 1க்கு முன்னாடி ஹை குவாலிட்டி போட்டோ எத்தனை ஏத்தினாலும் கணக்குல வராது, அதுக்கப்புறம் ஏத்தறது எல்லாமே கணக்கு. மெயில், டிரைவ், போட்டோ மூணும் அந்த ஒரே 15 ஜிபிக்குள்ளதான் குடித்தனம். நிரம்பிடுச்சுன்னா பேக்கப் மட்டும் இல்ல, மெயில் வர்றதும் நின்னுடும். இன்னொண்ணு, போனை 57 நாள் தொடாம வச்சிருந்தா அந்த பேக்கப்பை அழிச்சிடலாம்னு அவங்க விதி இருக்கு. ரிப்பேருக்கு குடுத்துட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்னு பழைய நோக்கியாவை வச்சு ரெண்டு மாசம் ஓட்டற ஆளுங்க கவனிச்சுக்கங்க.

சாகாத போன்: ஐபோன்ல மூணு வழி

வீட்டுக்காரம்மா போன் கதை இதுக்கு நேர் எதிர். பழைய ஐபோனையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதும், புதுசுல நீலக்கலர்ல புள்ளிக்கூட்டம் ஒண்ணு சுத்துது, பழசோட கேமராவை அதுக்கு நேரா காட்டணும், அவ்வளவுதான், ரெண்டும் பேசிக்க ஆரம்பிச்சிடுது. ஒரு போன்ல இருந்து இன்னொரு போனுக்கு நேரடியா எல்லாத்தையும் அள்ளற இந்த வழி 2019ல ஐஓஎஸ் 12.4ல வந்தது. ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. முடிஞ்சப்புறம் பார்த்தா அலாரம், நோட்ஸ், பிரவுசர்ல மூடாம விட்ட நாப்பத்தி சொச்சம் டேப், கீபோர்டுல தமிழ் இருந்த இடம் வரைக்கும் அப்படியே. ஃபேஸ் ஐடி மட்டும் புதுசா மூஞ்சியைக் காட்டச் சொல்லுச்சு. இந்த இடத்துல ஆண்ட்ராய்டுக்காரனா நான் வாயைத் திறக்கல.

ஆனா இதுக்கு ரெண்டு போனும் உயிரோட இருக்கணும். அது இல்லாதப்ப ஆப்பிளோட கிளவுட்டான ஐகிளவுட், இல்லன்னா கம்ப்யூட்டர்.

ஐகிளவுட்ல எனக்கு இருக்கற முதல் கோபம் அந்த 5 ஜிபி. 2011 அக்டோபர்ல ஐகிளவுட் வந்தப்ப ஓசில 5 ஜிபி குடுத்தாங்க, அப்ப புதுசா வந்த ஐபோன் 4எஸ் 16 ஜிபில இருந்து ஆரம்பம். இன்னைக்கு போன் 128, 256ன்னு வளர்ந்து நிக்குது, ஓசி மட்டும் அதே 5 ஜிபி. புள்ள காலேஜுக்குப் போயாச்சு, சட்டை மட்டும் எல்கேஜில எடுத்தது. நாங்க மாசம் 75 ரூபாய் கட்டி 50 ஜிபி வச்சிருக்கோம், அது ஒண்ணும் பெரிய காசு இல்லன்னாலும் கட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு நல்ல விஷயம் சொல்லணும்னா, 2021ல ஐஓஎஸ் 15ல இருந்து, புது போன் வாங்கி மாறப் போறவங்களுக்கு பேக்கப்புக்காகவே தற்காலிகமா இடம் குடுக்கறாங்க, மூணு வாரத்துக்கு, காசு கட்டாமலே. செட்டிங்ஸ்ல ரீசெட் பண்ற இடத்துல புது ஐபோனுக்கு தயார் பண்ணுன்னு இருக்கும், அங்க யாரும் போறதே இல்ல.

ரெண்டாவது கோபம், ரீஸ்டோர்னா மொத்தமா இல்லன்னா ஒண்ணுமே இல்லங்கறது. பேக்கப்பைத் திருப்பி எடுக்கணும்னா போன் முதல்முதலா ஹலோன்னு சொல்ற ஸ்கிரீன்ல இருக்கணும். பாதி செட்டப் பண்ணி, ரெண்டு ஆப் போட்டு, அதுக்கப்புறம் அய்யோ பழைய பேக்கப் இருக்கேன்னு ஞாபகம் வந்தா மொத்தத்தையும் அழிச்சுட்டு ஆரம்பத்துல இருந்து வரணும். ஒரே ஒரு ஆப்போட போன வார நிலவரம் மட்டும் வேணும்னா? வழியே இல்ல. போன் முழுக்க போன வாரத்துக்குப் போகும், இந்த வாரம் எடுத்த நோட்ஸோ மெசேஜோ ஐகிளவுட்ல தனியா சிங்க் ஆகலன்னா, அதாவது எழுத எழுத அங்கயும் ஏறலன்னா, அதெல்லாம் போச்சு.

மூணாவது வழி கம்ப்யூட்டர். மேக்ல 2019ல வந்த கேட்டலினா வெர்ஷன்ல இருந்து, ஃபைல் பார்க்கற ஃபைண்டர் மூலமா, விண்டோஸ்ல ஐடியூன்ஸ் இல்லன்னா ஆப்பிள் டிவைசஸ் ஆப் மூலமா. மாசக் காசு இல்ல, இன்டர்நெட் வேணாம், முழுசா உங்க கைலயே இருக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, லோக்கல் பேக்கப்பை என்கிரிப்ட் பண்ணுன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்குல்ல, அதை கண்டிப்பா போடணும். டிக் போடலன்னா சேவ் பண்ண பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, ஹெல்த் டேட்டா, கால் லிஸ்ட் எதுவும் உள்ள போகாது. பூட்டு போட்டாதான் நகையை உள்ள வைப்பேன்னு சொல்ற லாக்கர் மாதிரி, யோசிச்சா நியாயம்தான். ஆனா அந்த பாஸ்வேர்டை மறந்தா முடிஞ்சுது கதை. நான் மறந்திருக்கேன். 2021ல லாக்டவுன் நேரத்துல ரொம்ப புத்திசாலித்தனமா ஒரு பாஸ்வேர்டு வச்சு எடுத்த பேக்கப் இன்னும் ஹார்ட் டிஸ்க்ல 61 ஜிபி இடத்தை அடைச்சுட்டு கிடக்கு, திறக்கவும் முடியல, தூக்கிப் போட மனசும் வரல. போன்ல ஆல் செட்டிங்ஸ் ரீசெட் பண்ணா இனிமே எடுக்கற பேக்கப்புக்கு புது பாஸ்வேர்டு வச்சுக்கலாம், பழசு பழசுதான்.

விண்டோஸ்காரங்களுக்கு இன்னொரு தலைவலி, அந்த பேக்கப் சி டிரைவ்ல போய்தான் உட்காரும், வேற டிரைவ்ல வைன்னு சொல்ல ஆப்ஷனே குடுக்கல. 256 ஜிபி எஸ்எஸ்டி வச்ச லேப்டாப்ல 128 ஜிபி போனை பேக்கப் எடுத்துப் பாருங்க, விண்டோஸ் அழுதுடும். இன்னும் ஒண்ணு, அடுத்த தடவை எடுக்கும்போது முந்தின பேக்கப் மேலயே எழுதிடும். நேத்து ஒரு நோட்டை தெரியாம அழிச்சுட்டு இன்னைக்கு பேக்கப் எடுத்தா அழிச்ச நிலைமையைத்தான் பத்திரமா பூட்டி வைக்கும். மேக்ல ஆர்க்கைவ்னு ஒண்ணு இருக்கு, அதைக் குடுத்தா அந்த தேதி பேக்கப் அப்படியே உறைஞ்சு நிக்கும், பெரிய அப்டேட்டுக்கு முன்னாடி நான் அதைத்தான் பண்றேன்.

நடுவுல ஒரு விஷயம், எல்லாரும் குழப்பிக்கறது. ஐகிளவுட் போட்டோஸும் கூகுள் போட்டோஸும் சிங்க் சமாச்சாரம், நாம நினைக்கற அர்த்தத்துல பேக்கப் இல்ல. ஐபோன்ல ஒரு போட்டோவை அழிச்சா ஐபேட்லயும் போகும், கிளவுட்லயும் போகும், குப்பைத்தொட்டில 30 நாள் கிடக்கும், அதோட சரி. கூகுள்ல ஏத்தின போட்டோவா இருந்தா 60 நாள். போன்ல இடம் இல்லன்னு கேலரில அழிச்சுட்டு, கிளவுட்ல இருக்கும்ல இருக்கும்லன்னு கேட்கற ஆளுங்க எங்க ஆபீஸ்லயே மூணு பேர் இருக்காங்க.

பாதி உசிரு போன்: ஒரு மவுஸும் 34 சதவீத சார்ஜும்

இதுதான் என்னை படுத்தி எடுத்தது. அம்மா போன் பண்ணாங்க, பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்து.

"தம்பி, போன் கீழ விழுந்துடுச்சுடா. எல்லாம் தெரியுது, தொட்டா அசைய மாட்டேங்குது."

"ஸ்கிரீன் மாத்திக்கலாம்மா, கடைல குடுங்க."

"கடைலயா? உள்ள சீட்டு கணக்கு இருக்குடா! அவன் எதையாவது அமுக்கிட்டா?"

அம்மா தெருவுல இருபது பேரை வச்சு மாசச்சீட்டு நடத்தறாங்க. யாரு கட்டினது, யாரு பாக்கி, எந்த மாசம் யாரு எடுத்தாங்க, எல்லாம் போன்லயே வந்த நோட்ஸ் ஆப்ல. அந்த ஆப் போன் கம்பெனியோட சொந்த ஆப், கூகுளோட சிங்க் கிடையாது, அந்த கம்பெனி கிளவுட்ல லாகின் பண்ணனும், அம்மா எங்க பண்ணாங்க. ஸ்கிரீன் விலை கேட்டா போன் விலைல பாதி, அதனால புது போன் வாங்கிட்டு நான் கும்பகோணம் பஸ் ஏறினேன், பைல புது போன், சார்ஜ் ஓட்டைல யூஎஸ்பி சாமான் சொருக உதவற ஒரு ஓடிஜி அடாப்டர், ஆபீஸ்ல இருந்து வாலு வச்ச ஒரு யூஎஸ்பி மவுஸ்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஆண்ட்ராய்டு போன்ல ஓடிஜி மாட்டி மவுஸ் சொருகினா ஸ்கிரீன்ல அம்புக்குறி வந்துடும், லாக் ஸ்கிரீன்லயே பெரும்பாலும் வேலை செய்யும், அம்மா பின் நம்பரை ஒவ்வொண்ணா கிளிக் பண்ணி திறந்தேன். அம்மா பக்கத்துல உட்கார்ந்து, இதென்னடா போனுக்கு வாலு முளைச்சிருக்குன்னாங்க. இதுவரைக்கும் வெற்றி. அப்புறம்தான் உறைச்சுது, சார்ஜ் 34 சதவீதம், போன்ல இருக்கறது ஒரே ஓட்டை, அதுல மவுஸ் இருக்கு. மவுஸை எடுத்தாதான் சார்ஜ் போட முடியும், கேபிள் போட்டு புது போனுக்கு மாத்தறதும் அதே ஓட்டைலதான் நடக்கணும். ஹெட்போன் ஓட்டையை எடுத்தப்ப கூட நான் இவ்வளவு திட்டல.

கேபிள் வழி அடைபட்டதால வைஃபை வழி. புது போன் செட்டப்ல பழைய ஆண்ட்ராய்டுல இருந்து கேபிள் இல்லாம காப்பி பண்ற ஆப்ஷன் இருக்கு, பழைய போன்ல கூகுள் செட்டிங்ஸுக்குப் போய் பக்கத்துல இருக்கற டிவைஸை செட்டப் பண்ணுன்னு குடுக்கணும், என் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ரெண்டையும் சேர்த்துவிட்டேன். கான்டாக்ட், மெசேஜ், போட்டோ, ஆப் எல்லாம் வந்துச்சு. கிளவுட்ல இருந்து எடுக்கறதை விட இது நிறையவே கொண்டு வருது, இந்த நிமிஷம் வரைக்கும் உள்ளதை அள்ளுது, ரெண்டு மாசத்துக்கு முந்தினதை இல்ல. ஆனா நோட்ஸ் வரல. புதுசும் அதே கம்பெனி போனா இருந்திருந்தா அவங்களோட சொந்த மாத்தற ஆப் நோட்ஸையும் தூக்கிட்டு வந்திருக்கும், நான் வேற கம்பெனி வாங்கினேன், 800 ரூபாய் கம்மின்னு.

அப்ப சார்ஜ் 19. மொத்தம் 41 நோட். ஒவ்வொண்ணா திறந்து, ஷேர் அமுக்கி, டெக்ஸ்ட்டா என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அம்மா எதை முதல்ல அனுப்பணும்னு பக்கத்துல இருந்து சொன்னாங்க, பாக்கி வச்சவங்க லிஸ்ட்தான் முதல்ல, கட்டினவங்க பொறுமையா வரட்டும், வராதவங்கதான் மறந்துடுவாங்கன்னு. 6 சதவீதத்துல 38 முடிஞ்சுது, மிச்சம் மூணும் பலகாரக் குறிப்புதான், அதையும் அனுப்பிட்டுதான் விட்டேன். எல்லாம் முடிஞ்சு காபி குடிக்கும்போதுதான் தோணுச்சு, முதல் அஞ்சு நிமிஷத்துலயே மவுஸ் வச்சு ஒரு ப்ளூடூத் மவுஸை கனெக்ட் பண்ணிட்டு ஓட்டையை காலி பண்ணியிருக்கலாம்னு.

வாட்ஸ்அப் தனிக்கட்சி

எந்த வழில போனாலும் வாட்ஸ்அப் மட்டும் தனியா வண்டி கட்டி வரும். ஆண்ட்ராய்டுல கூகுள் அக்கவுண்ட்டுக்குப் போகும், ஐபோன்ல ஐகிளவுட்டுக்குப் போகும், ஒண்ணோட பேக்கப்பை இன்னொண்ணு படிக்காது. 2018ல இருந்து கொஞ்ச வருஷம் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்குல சேராம இருந்துச்சு, 2024ல இருந்து அதுவும் அந்த 15 ஜிபிக்குள்ள வந்தாச்சு. குட்மார்னிங் வீடியோவுக்கெல்லாம் இப்ப நாமதான் வாடகை.

ரெண்டு போனும் உயிரோட இருந்தா 2023ல வந்த, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி மாத்தற டிரான்ஸ்ஃபர்தான் பெஸ்ட், கிளவுட் பக்கமே போகாம நேரா மாறிடும், ஆண்ட்ராய்டுல இருந்து ஆண்ட்ராய்டுக்கு, ஐபோன்ல இருந்து ஐபோனுக்கு. வீட்டுக்காரம்மாவுக்கு அதைத்தான் பண்ணேன். செத்த போன்னா கிளவுட்தான், எனக்கு வாட்ஸ்அப் மட்டும் முந்தின நாள் ராத்திரி வரைக்கும் வந்துச்சு, ஏன்னா அதுல செல்லுலார் டேட்டாலயும் எடுத்துக்கோன்னு எப்பவோ ஆன் பண்ணியிருந்தேன்.

இதுல பயங்கரமான இடம் ஒண்ணு இருக்கு. புது போன்ல நம்பர் போட்டு ஓடிபி குடுத்ததும் ரீஸ்டோரா, ஸ்கிப்பான்னு ஒரு தடவைதான் கேட்கும். அவசரத்துல ஸ்கிப் குடுத்துட்டு, ராத்திரி பார்த்துக்கலாம்னு விட்டா, ராத்திரி 2 மணிவாக்குல அது தன் கடமையை செஞ்சுடும், காலியா இருக்கற புது சாட்டை பேக்கப் எடுத்து பழைய பேக்கப் மேல எழுதிடும். எங்க சின்ன மாமாவுக்கு இதுதான் ஆச்சு, பத்து வருஷ சாட். ஸ்கிப் குடுத்துட்டீங்கன்னு தெரிஞ்ச உடனே ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடுங்க, 2 மணி ஆகறதுக்குள்ள. ஆண்ட்ராய்டுல போனுக்குள்ளயே டேட்டாபேஸஸ்னு ஒரு ஃபோல்டர்ல கடைசி ஏழு நாள் காப்பி இருக்கும், பழைய போன் உயிரோட இருந்தா அதை எடுத்து வைக்கறது நல்லது. 2021ல எண்டு டு எண்டு பூட்டு போடற வசதி வந்துச்சு, பாஸ்வேர்டு இல்லன்னா 64 இலக்க சாவி, அந்த சாவியை போன்லயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கற மகானுபாவர்களும் இருக்காங்க.

பேங்க் ஆப், யூபிஐ எதுவும் எந்த வழிலயும் வராது, வரவும் கூடாது. சிம்முல இருந்து ஒரு எஸ்எம்எஸ் போய் புதுசா பதிவாகணும், ரீசார்ஜ் தீர்ந்து போன சிம்னா அந்த எஸ்எம்எஸ்ஸே போகாது. பல பேங்க்ல முதல் 24 மணி நேரம் 5000 ரூபாய்க்கு மேல விடாது, போன் மாத்தற அன்னைக்கு யாருக்கும் வாடகை அனுப்பறேன்னு வாக்கு குடுக்காதீங்க.

எனக்கு என்ன வேணும்னா

மடிப்பு போனும் ஏஐயும் எனக்கு வேணாம். ரீஸ்டோர் முடிஞ்சதும் ஒரு சீட்டு குடுங்க, மளிகைக்கடை பில் மாதிரி: இந்த 83 ஆப்புல 31க்கு உள்ளடக்கம் வந்துச்சு, இந்த 52க்கு வரல, இவங்க பேக்கப்பே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு. அதை விட முக்கியம், போன் உயிரோட இருக்கும்போதே இந்த பில்லைக் காட்டுங்க. அம்மாவோட நோட்ஸ் ஆப் எங்கயும் போகலன்னு போனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, அதை சொல்ல ஒரு வரி போதும். கடைசியா பேக்கப் ஆகி பத்து நாள் ஆச்சுன்னா லாக் ஸ்கிரீன்லயே சிவப்பா எழுதுங்க, பேட்டரி குறைஞ்சா மட்டும் எழுதறீங்கல்ல.

அப்புறம் தேதி தேதியா பின்னாடி போற வசதி. மேக்ல டைம் மெஷின்னு ஒரு பேக்கப் வசதி 2007லயே வந்துடுச்சு, வேணுங்கற ஃபைலை வேணுங்கற தேதில இருந்து எடுக்கலாம். ஆண்ட்ராய்டுல ரூட் பண்ண, அதாவது போனோட முழு அதிகாரத்தையும் நாமளே கைல எடுத்துக்கிட்ட காலத்துல டைட்டானியம் பேக்கப்னு ஒரு ஆப் வச்சு ஒரே ஒரு ஆப்பை டேட்டாவோட திருப்பி எடுத்தவன் நான், அப்பவே முடிஞ்ச வேலை. இன்னைக்கு போன் விலை லட்சத்தைத் தாண்டியும் ஒரு ஆப்பை மட்டும் எடுக்க முடியல. ராத்திரி சார்ஜர் கூட ஒரு பென்டிரைவ் சொருகினா முழுசா பூட்டு போட்டு அதுல எழுதி வைன்னு சொல்ற ஆப்ஷன் எல்லா போன்லயும் ஏன் இல்லன்னு கேட்டா, மாசச் சந்தா எப்படி வரும்னு நீங்க திருப்பிக் கேட்பீங்க, புரியுது. நோக்கியா பிசி சூட்ல கேபிள் சொருகி ஒரே ஃபைலா எடுத்து டி டிரைவ்ல போட்டு வச்சோமே, அப்ப போன்ல ஒண்ணும் இல்ல, ஆனா இருந்தது எல்லாம் திரும்பி வந்துச்சு.

டச் செத்தா பின்னை வால்யூம் பட்டன்லயே போட ஒரு வழி. இது எனக்கு தனியா வேணும்.

எதுக்கு எது

போன் மாத்தப் போறீங்க, பழசு உயிரோட இருக்குன்னா யோசிக்கவே வேணாம், போன் டு போன், முடிஞ்சா கேபிள்ல. பழசை எக்ஸ்சேஞ்ச்ல உடனே தூக்கிக் குடுக்காம ஒரு வாரம் வச்சுக்கங்க, வராதது எதுன்னு தெரிய அவ்வளவு நாள் ஆகும். இதுல ஐபோன் டு ஐபோன் தெளிவா முன்னாடி நிக்குது, ஆண்ட்ராய்டுல ஒரே கம்பெனிக்குள்ள மாறினா கிட்ட வருது, கம்பெனி மாறினா ரெண்டு படி கீழ.

செத்துட்டா, தொலைஞ்சுட்டா, முன்னாடியே கம்ப்யூட்டர்ல எடுத்து வைக்கலன்னா கிளவுட் மட்டும்தான். அதுல ஐகிளவுட் ஆப்புக்குள்ள இருக்கறதையும் நிறையக் கொண்டு வருது, ஓசில பத்தாது. கூகுள் ஓசில 15 ஜிபி தாராளம், ஆனா உள்ள இருக்கறது வருமா வராதாங்கறது ஆப் எழுதினவர் கைல. காசுக்கு ஏத்த வேலைன்னு பார்த்தா எனக்கு கம்ப்யூட்டர் பேக்கப்தான் முதல் இடம், ஐபோன் வச்சிருந்தா மட்டும். ஆண்ட்ராய்டுக்கு அதுக்கு சமமா எல்லா போனுக்கும் பொதுவா ஒண்ணு இல்ல, சாம்சங் வச்சிருந்தா ஸ்மார்ட் ஸ்விட்ச்னு அவங்களோட ஆப் இருக்கு, கம்ப்யூட்டர்லயோ மெமரி கார்டுலயோ எடுத்து வைக்கலாம்.

இப்ப வீட்டுல பிராட்பேண்ட் திரும்ப வந்தாச்சு. மாசம் முதல் ஞாயிறு மூணு போன்லயும் கடைசி பேக்கப் தேதியை நானே போய்ப் பார்க்கறேன், அம்மாவோடதை வீடியோ கால்ல காட்டச் சொல்லி. சீட்டு கணக்கு இப்ப கூகுளோட நோட்ஸ் ஆப்பான கீப்ல. போன வாரம் அம்மாகிட்ட அந்த மவுஸை ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணும், பஸ்ல பார்சல் போட்டு விடுங்கன்னு கேட்டேன்.

"வேற வாங்கிக் குடுத்துடுடா. அது இங்கயே இருக்கட்டும், பக்கத்து வீட்டு அக்கா போனும் நேத்து கீழ விழுந்துடுச்சு."